வாய்க்குள் ஒரு மிடறு தண்ணீர்

பண்டாரவளை பஸ் நிலையத்தடியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கொமியுனிகேஷன் கடை ஸுலைஹாவின் வாய்க்குப் பூட்டும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை என்று. சொல்லிவிட்டுப் போகட்டும். பிரதி எடுத்து முடிந்த பிறகு, "கொஞ்சம் மங்கலா விழுந்திருக்கே, இதுக்கும் காசா?" என்று கேட்கிறவனிடம் வாய் பேசாமல் வேறு எது பேசும்? என்னைக் கட்டிய மாப்பிள்ளை மௌத்தாகி மண்ணுக்குள் போன பிறகு இந்தக் கடையை நடத்தியது என் வாய்தான். அது இல்லாவிட்டால் இந்த ஊர் என்னை விழுங்கி ஏப்பமும் விட்டிருக்கும். அப்படிப்பட்ட நான், ஒரு வியாழக்கிழமை காலையில் நல்ல வியாபார நேரத்தில் கடைக்கதவைச் சாத்திவிட்டு, வாசலில் ஸ்டூலைப் போட்டு, வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு ஒரு சொல் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். எல்லாம் றோசாலிக்காக.

றோசாலி பூனாகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறவள். முப்பது தாண்டிவிட்டது. புருஷன் தேவதாசன் அதே தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டுகிறான். தங்கமான மனுஷன், ஆனால் அவனைவிட அவனுடைய லொறியின் ஹோர்ன் அதிகம் பேசும். றோசாலி உயர்தரம் பாஸ் பண்ணியவள். தாய் படுக்கையில் விழுந்ததும், இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு மலைக்கு ஏறினாள். அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன. பிறகு ஒரு நாள், பண்டாரவளையில் ஒரு தேவாலய மண்டபத்தில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கம்பியூட்டர் புரோகிராம் எழுதச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, நாத்தனாருக்குத் துணையாக வந்தாள். நாத்தனாருக்குச் சலித்துவிட்டது, நின்றுவிட்டாள். துணைக்கு வந்தவள் நிற்கவில்லை.

வகுப்பு முடிந்ததும், அதை நடத்திய சங்கம் நன்றாகச் செய்தவர்களுக்கு ஒரு பரீட்சை எழுத வாய்ப்புக் கொடுத்தது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று நடத்தும் புரோகிராமிங் பரீட்சை. பாஸானால் எந்த நாட்டிலும் செல்லுபடியாகும் சான்றிதழ். தவறினால் இன்னும் ஒரு தரம் எழுதலாம், அதற்குமேல் கிடையாது. பதுளை டவுனில் புரோகிராம் எழுதும் சின்ன ஒபிஸ் ஒன்று, "அந்தச் சான்றிதழோடு வாங்க, இடம் வச்சிருக்கிறோம்" என்று றோசாலியிடம் சொல்லியிருந்தது. மாத முடிவுவரைதான் வைத்திருப்பார்கள். ஆக, சான்றிதழ் வந்தால் பதுளை பஸ். வராவிட்டால் மறுபடியும் படங்கு.

"வெயிலும் மழையும் எனக்குப் பழகிருச்சு அக்கா. அட்டை கடிச்சாக்கூட இப்ப தெரியிறதில்ல. ஆனா மூளையை வீட்ல வச்சுப் பூட்டிட்டுப் போற வேலை, அது இனி என்னால முடியாதுக்கா" என்றாள் ஒரு நாள். எனக்கு அன்றைக்கே அவளைப் பிடித்துப்போய்விட்டது.

அவள் முதன்முதல் என் கடைக்கு வந்தது ஒரு கட்டுத் தாள் பிரதி எடுக்க. போனிலிருந்து எடுத்துப் பார்த்தால், கேள்வி, பக்கத்தில் ஏ, பி, சி, டி, வேறொன்றும் இல்லை.

"என்ன புள்ள இது? என்னத்துக்கு இவ்வளவு?"

"பதில் அக்கா. வட்ஸ்அப்ல வந்துச்சு. பரீட்சைல இதேதான் வருமாம். மனப்பாடம் பண்ணிட்டா போதுமாம்."

இது நம் நாட்டு வியாதி. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம்வரை பழைய வினாத்தாளைக் கரைத்துக் குடித்தே பழகியவர்கள் நாங்கள். றோசாலியும் குடித்தாள். அவளுக்கு அபார ஞாபகம். இரண்டு ஞாயிறு கழித்து வந்து கேள்வி இலக்கத்தைச் சொன்னால் பதிலைச் சொன்னாள். நானும் மாஷா அல்லாஹ் என்று வாயைப் பிளந்தேன். பிறகு என் பின்னறைக் கம்பியூட்டரில் ஒரு மாதிரிப் பரீட்சையைப் போட்டாள். போட்டவள் வெளியே வரும்போது முகம் சுண்டிப் போயிருந்தது.

"கேள்வில மூணு இருக்க வேண்டிய எடத்துல நாலு இருந்துச்சுக்கா. அவ்வளவுதான். எனக்கு ஒண்ணுமே தெரியல" என்றாள். அந்தக் கட்டை அங்கேயே கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.

"கிழிக்கிறதுன்னா பிரதி எடுக்க முதல் கிழிச்சிருக்கலாமே, என்ட மை மிஞ்சியிருக்கும்!" என்று நான் கத்தினேன். அவள் சிரித்துவிட்டாள். அழப்போகிறவளைச் சிரிக்க வைத்த கெட்டித்தனத்துக்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் அவள் உண்மையாகப் படித்தாள். ஞாயிறு பூசை முடிந்ததும் நேரே என் கடைக்கு வந்துவிடுவாள். ஒரு பக்கம் பழுதான தாள்களை எடுத்துக்கொண்டு, பின்பக்கத்தில் ஒரு சின்ன புரோகிராமைக் கையால் எழுதுவாள். ஒவ்வொரு வரியும் என்ன செய்யும், எந்தப் பெட்டியில் என்ன எண் இருக்கும் என்று பென்சிலால் தானே ஓட்டிப் பார்ப்பாள். விடை வந்த பிறகுதான் கம்பியூட்டரை இயக்குவாள். இரண்டு விடையும் ஒன்றாக இருந்தால் அடுத்தது. வேறாக இருந்தால் பூமி பிளந்தாலும் அசையமாட்டாள்.

"இதை விட்டுட்டு அடுத்ததுக்குப் போயேன் புள்ள, உச்சி சாயுது" என்பேன்.

"மெஷின் பொய் சொல்லாதுக்கா. நான்தான் எங்கயோ வழுக்கியிருக்கேன். எந்த எடம்னு தெரியாமப் போனா, நாளைக்கும் அதே எடத்துல வழுக்குவேன்."

இன்னொரு பழக்கமும் வைத்திருந்தாள். பிழையாகப் போனதை மட்டும்தான் அடுத்த கிழமை படிப்பாள். சரியாக வந்ததைத் திரும்பத் தொடமாட்டாள். ஏனென்று கேட்டேன். "தெரிஞ்சதையே திரும்பப் படிக்கிறது, பறிச்ச மலைல மறுபடி பறிக்கிற மாதிரிக்கா. கை ஆடும், கூடை நெறயாது" என்றாள். என் மகனுக்கு நான் ஆயிரம் ரியூஷன் வைத்தேன், இந்த ஒரு விஷயத்தை எந்த வாத்தியும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஞாயிறு ஒரு நாள் சரி, மற்ற நாட்களில் என்ன செய்தாள்? அங்கேதான் அந்தோணியம்மா வருகிறாள். மலையில் ஆளுக்கொரு நிரை பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். கை பாட்டுக்குக் கொழுந்தைக் கிள்ளும், வாய் பாட்டுக்கு நிரைக்கு நிரை கதை பறக்கும். றோசாலிக்குப் பக்கத்து நிரை அந்தோணியம்மாவுடையது. பென்சனுக்குக் கிட்டத்தில் நிற்கிற மனுஷி, பள்ளிக்கூடத்தை மழைக்கு ஒதுங்கத்தான் தெரியும் என்று அவளே சொல்வாள், ஆனால் எதையும் நோண்டாமல் விடமாட்டாள். பிறகொரு நாள் என் கடைக்கு வந்து, மலையில் நடந்ததையெல்லாம் நடித்தே காட்டினாள். சிரித்துச் சிரித்து எனக்கு விலா நொந்துபோனது.

"நீ என்னாதான்டி படிக்கிற? எங்களுக்கும் சொல்லு" என்று ஒரு நாள் கேட்டாளாம்.

"லூப் அத்தே. ஒரே வேலையத் திரும்பத் திரும்பச் செய்யிறது."

"அதைத்தான்டி நாப்பது வருஷமாச் செய்யிறோம்! அதுக்கு என்னாத்துக்குப் பரீட்சை?"

மலையே கொல்லென்று சிரித்ததாம். றோசாலி விடவில்லை. "சாயந்தரம் கொழுந்து நிறுக்கிறாங்கல்ல? ஒவ்வொரு ஆளா வருது, சாக்கைத் தூக்குறாங்க, நிறையைப் பாக்குறாங்க, மொத்தத்தோட கூட்டுறாங்க, அடுத்த ஆளு. வரிசை முடியிறவரைக்கும் அதேதான். ஆரம்பத்துல மொத்தம் பூச்சியம்னு வச்சுக்கணும்."

"ஆரம்பத்துல மட்டுமா, ஆளுக்கு ஆளு வைக்கணுமா?"

"ஏன் கேக்குறீங்க?"

"ஆளுக்கு ஆளு பூச்சியம் வச்சா, கடைசியா வந்த சிறுக்கியோட நிறை மட்டும்தானே மிஞ்சும்? மத்தவளுக பறிச்சதெல்லாம் எங்கடி போச்சு?"

றோசாலி கை நின்றுபோய் அப்படியே பார்த்தாளாம். அவள் அந்த ஞாயிறு பிழை விட்டு, ஒரு மணித்தியாலம் மண்டையை உடைத்த கேள்வி அதுதான். படித்து வைத்திருந்தது வேறு, இப்போது விளங்கியது வேறு. அன்றிலிருந்து ஒரு நாள் விடாமல் மலையில் வகுப்பு நடந்தது. எண்ணத் தொடங்கும்போது முதல் ஆளுக்குப் பூச்சியம் என்று இலக்கம் போடுவார்கள் என்று சொன்ன நாளில் மட்டும் கலவரம். "முதல் நிரைக்காரி நான். எனக்குப் பூச்சியமா? எந்த மூதேவி எண்ணினான் அப்படி?" என்று அந்தோணியம்மா சண்டைக்கே வந்துவிட்டாளாம். வேலையை மேற்பார்க்கிற கங்காணி கந்தப்பன் ஓடி வந்து, சம்பளத்தில் யாரோ கை வைத்துவிட்டார்கள் என்று நினைத்து சமாதானம் பேசியிருக்கிறார்.

அந்தோணியம்மாவுக்குச் சொல்லி விளங்கப்படுத்த முடியாத எதுவும் தனக்குத் தெரியாது என்று றோசாலி முடிவு கட்டிவிட்டாள். மலையில் தடுக்கியதை ஞாயிறு வந்து தேடுவாள், விடையோடு திங்கள் ஏறுவாள். கடைசி இரண்டு கிழமையும் நேரம் வைத்து மாதிரிப் பரீட்சை. நான் சுவர்க் கடிகாரத்தின் கீழ் பொலிஸ்காரி மாதிரி நிற்பேன். கம்பியூட்டருக்கு முன்னால் இருந்தாலும் அவளுக்கு அந்தோணியம்மா பக்கத்து நிரையில் நிற்கிற நினைப்புத்தான். கேள்வியைச் சத்தமாக வாசிப்பாள், "சரி, இப்ப இது இங்க வருது, கூட்டு, அடுத்த ஆளு" என்று தானே பேசிப் பேசித்தான் செய்வாள். விடையெல்லாம் சரியாக வந்தது. இனி என்ன, பாஸ்தான் என்று இருந்தோம்.

வீட்டிலிருந்தே எழுதுகிற பரீட்சை அது. கமெராவைப் போட்டுவிட வேண்டும், எங்கேயோ ஒரு நாட்டிலிருந்து ஒரு கண்காணிப்பாளர் பார்த்துக்கொண்டே இருப்பார். அறைக்குள் வேறு ஆள் இருக்கக்கூடாது, வேறு குரல் கேட்கக்கூடாது, மேசையில் தாளும் பேனையும்கூடக் கூடாது. லயத்து வீட்டில் நடக்கிற காரியமா இது? ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டிலிருந்து "தைலம் வேணுமா?" என்று கேட்கிற சுவர். அதனால் என் பின்னறையில் வைத்தோம். அடையாள அட்டையைக் காட்டினாள், கமெராவைத் திருப்பி நாலு சுவரையும் காட்டினாள், நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன்.

கேள்வியைச் சத்தமாக வாசிக்கக்கூடாது என்று விதியில் இருக்கிறது. யாராவது பக்கத்தில் ஒளிந்திருந்து கேட்டுப் பதில் சொல்லலாம் அல்லவா. அந்த விதி றோசாலிக்குத் தெரியும். அவள் வாய்க்குத்தான் தெரியாது. முதல் கேள்வியிலேயே உதடு அசைந்திருக்கிறது, இரண்டாவதில் சத்தம் வந்திருக்கிறது. திரையின் மூலையில் ஒரு பெட்டி திறந்து, தயவுசெய்து சத்தமாக வாசிக்க வேண்டாம் என்று ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. அல்லாஹ்வே, அந்த எச்சரிக்கையையும் அவள் சத்தமாக வாசித்திருக்கிறாள்! கதவுக்கு வெளியே நின்ற எனக்கே கேட்டது. இன்னொரு தரம் எச்சரிக்கை வந்தது. நாலாவதோ ஐந்தாவதோ கேள்வியில், "சரி, கூட்டு, அடுத்த ஆளு" என்று அவள் சொன்னதும் திரை மூடிக்கொண்டது. பரீட்சை ரத்து.

வெளியே வந்தவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். "எல்லாம் தெரிஞ்ச கேள்விக்கா" என்றாள், அவ்வளவுதான். வாசலில் காத்திருந்த தேவதாசன் அவளுடைய பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். இரண்டு பேரும் பூனாகலை பஸ்ஸில் ஏறிப் போனார்கள். அன்று கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் என்னிடம் ஏச்சு வாங்கினார்கள். திரைக்குள் இருந்த அந்த ஆளையும் மனசுக்குள் வாங்கு வாங்கென்று வாங்கினேன். விதி விதிதான், அந்த ஆள் என்ன செய்வான் பாவம். ஆனாலும் ஏசினேன்.

தோட்டத்தில் சொன்ன அளவு கொழுந்து பறிக்காதவர்களுக்கு அரைநாள் சம்பளம்தான், அதற்கு அரைப்பேர் என்று பெயர். மறுநாள் மலையில் அந்தோணியம்மா, "அரைப்பேராவது போட்டானுங்களாடி?" என்று பகிடியாகக் கேட்டிருக்கிறாள். அப்போதுதான் றோசாலி உடைந்து அழுதாளாம். இன்னும் ஒரு தரம்தான் இருக்கிறது, அதுவும் போனால் பதுளை இடமும் போய்விடும், வாயைத் திறக்காமல் தன்னால் யோசிக்கவே முடியவில்லை என்று சொல்லி அழுதாளாம். பேசாமல் செய்தும் பார்த்திருக்கிறாள். வாயை மூடினால் எண் எல்லாம் கலைந்து போகிறது. எண்ணைப் பிடித்தால் உதடு அசைகிறது.

"நாங்க பேச வச்சுத்தான் உன் வாய் இப்புடி ஆச்சு" என்றாள் அந்தோணியம்மா. "நாங்களே மூட வைப்போம். தண்ணிப் போத்தலை எடு."

லயத்தில் புருஷன் பெண்சாதிச் சண்டைக்கு அந்தோணியம்மா வைத்திருக்கிற மருந்து அது. அவர் குடித்துவிட்டு வந்தால் நீ வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொள், விழுங்கவும் கூடாது, துப்பவும் கூடாது என்பாள். பதில் பேசமுடியாது, சண்டை தானே அடங்கிவிடும். அதே மருந்தை றோசாலிக்குக் கொடுத்தார்கள். தேத்தண்ணி நேரத்தில் எல்லோரும் சுற்றி உட்காருவார்கள். நிலுக்ஷி என்று றோசாலியின் கூட்டாளி ஒருத்தி, அவள் போனைப் பார்த்துக் கேள்வியை வாசிப்பாள். றோசாலி வாயில் தண்ணீரோடு யோசித்து விரலால் விடை காட்ட வேண்டும். ஒரு விரல் என்றால் ஏ, இரண்டு என்றால் பி.

முதல் நாள் இரண்டாவது கேள்வியிலேயே "கூட்டு" என்று சொல்லப் போய், தண்ணீர் முழுவதும் நிலுக்ஷியின் முகத்தில். மறுநாள் புரைக்கேறி முதுகில் அடித்துக் காப்பாற்றினார்கள். கந்தப்பன் கங்காணி வந்து, "றோசாலி, நாளைக்கு எந்த மலைன்னு தெரியுமா?" என்று கேட்டால், கன்னம் உப்பிப்போய் நாலு விரலைக் காட்டியிருக்கிறாள். பல்வலி என்று நினைத்து அவர் கராம்பு கொண்டுவந்து கொடுத்தாராம். ஆனால் பாருங்கள், மெல்ல மெல்ல எண் உள்ளேயே நிற்கத் தொடங்கியது. நிறுவைக்கு வருகிற பெண்களை மனசுக்குள்ளேயே வரிசையில் நிறுத்தி, மனசுக்குள்ளேயே சாக்கைத் தூக்கிப் பார்த்தாள். ஞாயிறு என் பின்னறையில் ஒரு முழு மாதிரிப் பரீட்சையையும் வாயில் தண்ணீரோடு செய்து முடித்தாள். முடித்துவிட்டு அதே தண்ணீரை வாசலில் துப்பினாள். எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. கட்டிப்பிடித்தேன்.

அடுத்த வியாழன் இரண்டாவது பரீட்சை. அதுதான் கடைசி.

உண்மைப் பரீட்சையில் கன்னத்தை உப்பிக்கொண்டு கமெரா முன்னால் இருக்க முடியாது, அந்த ஆள் என்ன நினைப்பான்? அதனால் றோசாலி வெறும் வாயோடுதான் உள்ளே போனாள். நாக்கை மேல் அண்ணத்தில் அழுத்தி வைத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். தண்ணீரை நான் வைத்துக்கொண்டேன். ஏனென்றால் இப்போது பயம் என் வாயில்தான். யாராவது வந்து கதவைத் தட்டினால் நான் சும்மா இருப்பேனா? என் குரல் பின்னறைக்கு என்ன, பதுளைக்கே கேட்கும். கதவைச் சாத்தி, "கடை மூடி" என்று மட்டையில் எழுதித் தொங்கவிட்டு, போத்தலைத் திறந்து ஒரு வாய் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். தேவதாசன் எனக்குப் பக்கத்தில் நின்றான்.

வருகிறவர்கள் எல்லாம் அன்றைக்கென்று வந்தார்கள். ஒருவன் மட்டையை வாசித்துவிட்டு, "கடை மூடியா?" என்று கேட்டான். எழுதியிருப்பதைத்தானே வாசித்தாய் மடையா என்று நாக்கு நுனிவரை வந்ததைத் தண்ணீர் தடுத்தது. வழமையாக என் வாசலை மறித்து முச்சக்கரவண்டியை நிறுத்துகிற ஆள் வந்தான், நிறுத்தினான், என்னைப் பார்த்துப் பயந்து ஏச்சை எதிர்பார்த்து நின்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்கு அதுதான் ஏச்சைவிடப் பயம் போல, வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

அந்த நேரம் தேவதாசனின் போன் அதிர்ந்தது. கந்தப்பன் கங்காணி. தேவதாசன் வாயைப் பொத்திக்கொண்டு, நான் காதை வைத்துக் கேட்கும்படி பிடித்தான்.

"தேவதாசு, என்னய்யா நடக்குது? பெரட்டுக் களத்துல பேர் கூப்பிடும்போது நல்லாத்தான் பேசினாளுக. மலைக்கு ஏறி மணி ஒன்பதாச்சு, அத்தனை பேரும் கப்சிப். ஒருத்தி வாயத் தெறக்கமாட்டேங்குறா. கேட்டா தலைய ஆட்டுறாளுக. ஸ்ரைக்கா? எதுக்கு ஸ்ரைக்கு? தொரை வந்து கேட்டா நான் என்னா சொல்றது?"

"கொழுந்து பறிக்கிறாங்களா?" என்றான் தேவதாசன் குசுகுசுவென்று.

"கொழுந்து பறிக்கிறாளுகய்யா! அதுதானே வெளங்கல! கொழுந்து என்னைக்கும் இல்லாத மாதிரி விழுது!"

தேவதாசன் போனை வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். லொறிக்காரன் அழுததை நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கும் கண் நிறைந்தது, வாயும் நிறைந்திருந்தது, ஏதாவது ஒன்று சிந்திவிடும் போல இருந்தது. நாற்பது வருஷமாக மலையில் ஒரு நிமிஷம் வாய் மூடாத பெண்கள். றோசாலிக்கு ஒரு சொல்கூடச் சொல்லாமல், காரியம் முடியும்வரை பேசுவதில்லை என்று தங்களுக்குள்ளே நேர்ந்துகொண்டிருக்கிறார்கள். அவள் பேசாமல் இருக்க வேண்டிய நேரம் முழுவதும் அவர்களும் பேசுவதில்லை. அந்தோணியம்மாவுக்குத் தன்மேல் நம்பிக்கை இல்லை, அவள் மட்டும் என்னை மாதிரி வாயில் தண்ணீர் வைத்திருந்தாளாம்.

உள்ளே நடந்ததை றோசாலி பிறகுதான் சொன்னாள். நடுவில் ஒரு கேள்வி, மொத்தத்தைப் பூச்சியமாக்கும் வரியை லூப்புக்கு உள்ளே எழுதிவிட்டு விடை என்ன என்று கேட்டிருக்கிறது. பார்த்ததும் "கடைசியா வந்த சிறுக்கி" என்று வாய்வரை வந்துவிட்டதாம். நாக்கை அண்ணத்தில் அழுத்தி, சிரிப்பையும் அழுத்தி, விடையைத் தெரிவு செய்துவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கிறாள். திரையின் மூலையில் அந்தப் பெட்டி ஒரு தரம்கூடத் திறக்கவில்லை.

கதவு திறந்தது. றோசாலி நின்றாள். நானும் தேவதாசனும் அவள் முகத்தைப் பார்த்தோம், ஒன்றும் விளங்கவில்லை. அவள் உதடு இன்னும் இறுக்கி மூடியபடியே இருந்தது. பரீட்சை முடிந்தது வாய்க்கு இன்னும் தெரியவில்லை போலும். நான் கேட்கலாம் என்றால் என் வாயில் தண்ணீர். தேவதாசன் கேட்கலாம் என்றால் அவன் எப்போதுதான் பேசினான்? மூன்று பேரும் ஊமைகள் மாதிரி நின்றோம். அவள் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்த் திரையைக் காட்டினாள். பச்சை நிறத்தில் ஒரே ஓர் ஆங்கிலச் சொல், பாஸ். எனக்கு அவ்வளவு ஆங்கிலம் தெரியும். வாயில் இருந்த தண்ணீர் அவ்வளவும் தொண்டைக்குள் போனது, "அல்ஹம்துலில்லாஹ்!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரன் ஓடி வந்தான்.

"மலைக்குச் சொல்லணும்" என்றாள் றோசாலி. பரீட்சை முடிந்து அவள் பேசிய முதல் சொல் அது. போனை எடுத்து நிலுக்ஷிக்கு அடித்தாள். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். மணி போனது, எடுத்தார்கள்.

"நிலுக்ஷி?"

சத்தம் இல்லை. காற்றுச் சத்தம் மட்டும்.

"நிலுக்ஷி, கேக்குதா? அத்தே? யாரு இருக்கீங்க? ஏன் பேச மாட்டேங்குறீங்க?" அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தாள். என் பக்கம் திரும்பினாள்.

தேவதாசன்தான் சொன்னான். வருஷக்கணக்கில் நான் அவனிடம் கேட்ட மிக நீண்ட பேச்சு அது. "அவுங்களுக்கு ஒண்ணும் இல்ல புள்ள. காலைல இருந்து அத்தனை பேரும் உனக்காக வாயை மூடிக்கிட்டு நிக்கிறாங்க. முடிஞ்சிச்சுன்னு நீ சொல்றவரைக்கும் தெறக்கமாட்டாங்க."

றோசாலி போனை இரண்டு கையாலும் பிடித்தாள். அந்தப் பக்கம் யாரோ மூச்சை இழுத்துப் பிடிப்பது கேட்டது.

"பேசுங்கடி" என்றாள். "அடியேய், பாஸாயிட்டேன். இனிப் பேசுங்கடி!"

முதலில் யாரோ தண்ணீரைத் துப்புகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு மலை முழுவதும் பேசியது.